காசும் கடவையும்: திருகோணமலை மாவட்டத்தில் பள்ளிப் படிப்பின் வரலாறு

திருகோணமலை மாவட்டம் தண்ணீரால் துண்டுபட்ட நிலம். இயற்கைத் துறைமுகத்தின் வட கரையில் நகரம் இருக்கிறது. கொட்டியாரக் குடாவின் தென் கரையில் மூதூர், இரண்டுக்கும் இடையில் கிண்ணியா. இன்னும் தெற்கே, மகாவலியின் கிளையாறுகளைத் தாண்டினால் ஈச்சிலம்பற்றும் வெருகலும். மேற்கே தம்பலகாமம், கந்தளாய் ஆகிய வயல் ஊர்கள். வடக்கே நிலாவெளி, குச்சவெளி, புல்மோட்டை என்று கடலோர ஊர்கள். பதினொரு பிரதேச செயலகப் பிரிவுகள் கொண்ட இம்மாவட்டத்தில் முஸ்லிம்களும் தமிழரும் சிங்களவரும் வாழ்கின்றனர். 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி மக்கள் தொகை ஏறக்குறைய 3.8 இலட்சம்.

இங்கே ஒரு பிள்ளை எவ்வளவு தூரம் படிக்கும் என்பது நெடுங்காலமாக இரண்டில் தங்கியிருந்தது: வீட்டில் இருந்த காசு, வீட்டுக்கும் பள்ளிக்கும் நடுவே இருந்த கடவை. கற்பிக்கும் கருவிகள் காலத்துக்குக் காலம் மாறின. ஓலைக்குப் பின் அச்சுப் புத்தகம், பிறகு ரோனியோத் தாள், ஒலிபெருக்கி, கைத்தொலைபேசி. ஒவ்வொரு புதுக் கருவியும் முதலில் காசுள்ள வீட்டுக்கே வந்து சேர்ந்தது. ஏழை வீட்டையும் அது எட்டிய காலங்களில் அதன் செலவைப் பொதுப் பணம் சுமந்திருந்தது.

மணலும் ஓலையும்

அச்சு வருமுன் தமிழூர்களில் படிப்பு திண்ணையில் நடந்தது. பிள்ளை முதலில் மணலைப் பரப்பி விரலால் எழுத்தைப் பழகும். கை படிந்த பிறகு எழுத்தாணியும் ஓலையும் கிடைக்கும். ஆசிரியருக்கு நெல், தேங்காய், விசேட நாட்களில் வேட்டி என்று ஊர் கொடுத்தது. நிகண்டும் நீதி நூல்களும் எண்சுவடியும் மனப்பாடமாயின. முஸ்லிம் ஊர்களில் பள்ளிவாசலை ஒட்டிய மத்ரசாக்களில் குர்ஆன் ஓதலும் அரபுத் தமிழ் வாசிப்பும் நடந்தன. மணலுக்கு விலை இல்லை, ஓலை பனையில் கிடைத்தது. ஆனாலும் அந்தப் படிப்பு எல்லோருக்குமாக இருக்கவில்லை. எந்தப் பிள்ளை திண்ணையில் ஏறலாம் என்பதைச் சாதியும் ஆண் பெண் வேறுபாடும் முன்னரே முடிவு செய்துவிட்டன.

ஒல்லாந்தர் காலத்தில் கடலோர மாகாணங்களில் தேவாலயப் பள்ளிகள் இருந்தன. பள்ளி ஆசிரியரே ஞானஸ்நானத்தையும் திருமணத்தையும் தோம்பு என்ற பதிவேட்டில் பதிந்தார். மதத்தையும் குடிப் பதிவையும் மையமாகக் கொண்ட இப்பள்ளிகள் ஒல்லாந்தர் ஆட்சியோடு தளர்ந்தன. 1795 இல் திருகோணமலைக் கோட்டை பிரித்தானியர் கைக்கு மாறியது.

அச்சும் ஆங்கிலமும்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் மிஷன்களோடு இரண்டு புதுமைகள் வந்தன: அச்சுப் புத்தகமும் ஆங்கிலப் பாடசாலையும். 1814 இல் இலங்கைக்கு வந்த வெஸ்லியன் மெதடிஸ்த மிஷன் வடக்கிலும் கிழக்கிலும் பள்ளிகளை அமைத்தது. அமெரிக்க மிஷன் 1816 இல் யாழ்ப்பாணத்தில் பணியைத் தொடங்கி, 1823 இல் வட்டுக்கோட்டைச் செமினரியை நிறுவியது. மானிப்பாயில் அது நடத்திய அச்சகம் பாடநூல்களை ஆயிரக்கணக்கில் அச்சிட்டது. ஆறுமுக நாவலர் 1848 இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கியதும், அடுத்து அச்சுக்கூடம் வைத்துச் சைவப் பிள்ளைகளுக்குப் பாலபாடங்கள் வெளியிட்டதும் இதற்கு எதிர்வினையாகவே.

திருகோணமலை நகரத்திலும் இந்தப் போட்டி நடந்தது. மெதடிஸ்த மிஷன் பாடசாலைகளுக்குப் பக்கத்தில் கத்தோலிக்கர் 1867 இல் புனித சூசையப்பர் கல்லூரியைத் தொடங்கினர். சைவர்கள் தங்கள் பாடசாலையை 1897 இல் நிறுவினர். அதுவே பின்னர் இந்துக் கல்லூரியாக வளர்ந்தது. 1923 இல் தங்கம்மா சண்முகம்பிள்ளை பெண் பிள்ளைகளுக்கென ஒரு பாடசாலையைத் தொடங்கினார். இன்று அது ஸ்ரீ சண்முக இந்து மகளிர் கல்லூரி. 1920களின் நடுவில் இராமகிருஷ்ண மிஷன் இந்துக் கல்லூரியைப் பொறுப்பேற்றபோது அங்கே பணியாற்றிய சுவாமி விபுலாநந்தர் பின்னாளில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார்.

அச்சுக் கல்வி நகரத்தில் எவ்வளவு ஊன்றியது என்பதைத் தமிழ் நாவல் வரலாறே காட்டுகிறது. 1891 இல் வெளிவந்த 'ஊசோன் பாலந்தை கதை'யை எழுதிய இன்னாசித்தம்பி திருகோணமலையைச் சேர்ந்தவர். தமிழின் முதல் வரலாற்று நாவலாகக் கருதப்படும் 'மோகனாங்கி'யை 1895 இல் வெளியிட்ட தி. த. சரவணமுத்துப்பிள்ளையும் இந்நகரத்தவரே, அவர் சென்னையில் பணியாற்றிக்கொண்டு அந்நாவலை எழுதினார்.

ஆனால் நகரத்துப் படிப்பு ஒரே படிப்பாக இருக்கவில்லை. 1869 இல் பொதுப் போதனைத் திணைக்களம் உருவான பிறகு அரசாங்கம் மிஷன்களுக்கும் பிற முகாமைகளுக்கும் உதவி நன்கொடை கொடுத்தது. தாய்மொழிப் பாடசாலையில் கட்டணம் இல்லை. ஆங்கிலப் பாடசாலையில் மாதக் கட்டணம் உண்டு. துறைமுகமும் கடற்படைத் தளமும் கச்சேரியும் நீதிமன்றமும் எழுதுவினைஞரை ஆங்கிலத்தில்தான் தேடின. தமிழில் மட்டும் படித்த பிள்ளை அதிகம் போனால் தமிழாசிரியர் ஆகலாம். ஆங்கிலம் படித்த பிள்ளைக்கோ கடற்படைத் தளத்தில் மேசையும் மாதச் சம்பளமும் ஓய்வூதியமும் காத்திருந்தன. கட்டணம் கட்டக்கூடிய குடும்பம் அடுத்த தலைமுறையிலும் கட்டணம் கட்டும் நிலையில் இருந்தது. மூதூரிலோ கிண்ணியாவிலோ பிறந்த பிள்ளைக்குக் கட்டணத்தோடு குடாவைத் தாண்டும் செலவும், நகரத்தில் தங்க ஒரு உறவினர் வீடும் வேண்டும்.

1945

இந்த இரட்டை ஏற்பாட்டை உடைத்தவர் 1931 முதல் 1947 வரை கல்வி அமைச்சராக இருந்த சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா. அவர் தலைமையிலான விசேட குழுவின் அறிக்கை 1943 இல் வெளிவந்தது. 1945 ஒக்டோபர் 1 முதல் பாலர் வகுப்பிலிருந்து பல்கலைக்கழகம் வரை கல்வி இலவசமானது. அறிக்கை வரும் முன்னரே தொடங்கப்பட்ட மத்திய பாடசாலைகள் பெருகி 54 ஆயின. நகரத்துக் கல்லூரிகளில் மட்டும் கிடைத்த விஞ்ஞான ஆய்வுகூடமும் நூலகமும் கிராமத்துக்கு வர வேண்டும் என்பதே அவற்றின் நோக்கம். ஏழைக் கிராமப் பிள்ளைகளைத் தெரிந்தெடுத்து அங்கே விடுதியில் வைத்துப் படிப்பிக்க ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சை நடத்தப்பட்டது. பயிற்று மொழி படிப்படியாகத் தாய்மொழிக்கு மாறியது.

இரண்டாம் உலகப் போரால் இம்மாவட்டத்துப் பிள்ளைகள் ஏற்கெனவே படிப்பை இழந்திருந்த நேரம் அது. 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் துறைமுகத்தைக் குண்டுவீசித் தாக்கியபோது நகர மக்கள் உள்ளூர்களுக்கு ஓடினர். போர் முடிந்து திரும்பிய பிள்ளைகள் கட்டணம் இல்லாத பாடசாலைகளில் சேர்ந்தனர். 1957 இல் பிரித்தானியக் கடற்படை தளத்தை விட்டு வெளியேறியதும் ஆங்கில எழுதுவினைஞர் உலகமும் சுருங்கியது.

1960 ஆம் ஆண்டு 5 ஆம் இலக்கச் சட்டமும் 1961 ஆம் ஆண்டு 8 ஆம் இலக்கச் சட்டமும் நாடெங்கும் உதவி நன்கொடை பெற்ற பெரும்பாலான பாடசாலைகளை அரசின் கீழ் கொண்டுவந்தன. மிஷன்கள் கசப்போடு வெளியேறின. ஆனால் எந்த மதத்தைச் சேர்ந்த பிள்ளைக்கும் எந்தக் கதவும் மூடப்படக் கூடாது என்பது சட்டமாயிற்று. 5 முதல் 14 வயது வரையான பிள்ளைகளுக்குத் தனியார் புதிதாகப் பள்ளி தொடங்குவதையும் 1961 ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது. இந்தத் தடை பின்வந்த அறுபது ஆண்டுகளின் போக்கைத் தீர்மானித்தது. கட்டணம் வாங்கும் பகல் பள்ளிக்கு வழி அடைபட்டதால், கட்டணக் கல்வி பள்ளி விட்ட பிறகான மாலை நேரத்தைப் பிடித்துக்கொண்டது.

ரோனியோவும் ஒலிபெருக்கியும்

பல்கலைக்கழக இடங்கள் குறைவு, போட்டியிடுவோர் அதிகம். 1970களின் தொடக்கத்தில் வந்த பரீட்சைப் புள்ளிகளின் தரப்படுத்தலும் 1974 இல் தொடங்கிய மாவட்ட ஒதுக்கீடும் ஒவ்வொரு புள்ளியின் பெறுமதியையும் கூட்டின. இப்படித்தான் ரியூசன் தொழிலாக வளர்ந்தது. முதலில் ஆசிரியர் வீட்டு விறாந்தையில் நாலைந்து பிள்ளைகள். பிறகு ஓலைக் கொட்டிலும் தகரக் கூரையும் கொண்ட ரியூட்டரிகள் வந்தன. நீண்ட வாங்குகளில் நெருக்கி உட்கார்ந்த நூறு இருநூறு மாணவர்களுக்குப் பெயர்பெற்ற ஆசிரியர் ஒலிபெருக்கியில் பாடம் சொன்னார். வாசலில் மாதக் கட்டண அட்டையைப் பார்த்துப் புள்ளடி போட ஒருவர் நின்றார்.

இந்தத் தொழிலின் மூலதனம் ரோனியோ இயந்திரம். மெழுகுத் தாளில் தட்டச்சு செய்து, மை தடவி, கைபிடியைச் சுற்றினால் ஒரு மாலைக்குள் நூற்றுக்கணக்கான படிகள் கிடைக்கும். கைவிரலில் ஒட்டும் மையும் மண்ணெண்ணெய் வாடையுமாக வந்த அந்தத் தாள்களில் கடந்தகால வினாக்களும் மாதிரி விடைகளும் இருந்தன. நூலகம் இல்லாத ஊரில் அவை பாடநூலை விடப் பெரிதாக மதிக்கப்பட்டன. பிறகு போட்டோப் பிரதி இயந்திரம் வந்து ரோனியோவின் இடத்தைப் பிடித்தது. கட்டணம் கட்டாத பிள்ளை நண்பனிடம் தாளை வாங்கி இரவோடு இரவாகக் கொப்பியில் எழுதி மறுநாள் திருப்பிக் கொடுத்தது.

பாடசாலைகளின் தர வேறுபாடு ரியூசனுக்கு உரம் போட்டது. இலங்கையின் ஏறக்குறைய பத்தாயிரம் அரச பாடசாலைகளில் உயர்தர விஞ்ஞானப் பிரிவு உள்ள 1ஏபி வகைப் பாடசாலைகள் சுமார் பத்தில் ஒன்றுதான். 1987 இல் அரசியலமைப்புக்கு வந்த 13 ஆம் திருத்தத்துக்குப் பிறகு தேசிய பாடசாலை, மாகாணப் பாடசாலை என்ற பிரிவும் சேர்ந்தது. வெருகலில் ஒரு பிள்ளைக்குக் கணிதப் பிரிவில் படிக்க ஆசை இருந்தால் அது ஊரை விட்டு நகரத்துக்குப் போக வேண்டும், ரியூட்டரியும் அங்கேதான்.

பல்கலைக்கழக அனுமதியில் கல்வியில் பின்தங்கியவையாக ஏற்கப்பட்ட 16 மாவட்டங்களுக்கு 5 வீத மேலதிக ஒதுக்கீடு உண்டு. திருகோணமலை அவற்றில் ஒன்று. ஆனால் ஒதுக்கீட்டின் அலகு மாவட்டம். நகரத்தில் நல்ல ஆய்வுகூடமும் ரியூட்டரியும் உள்ள பிள்ளையும், விஞ்ஞான ஆசிரியரைக் காணாத ஈச்சிலம்பற்றுப் பிள்ளையும் ஒரே வரிசையில் நின்று அந்த இடங்களுக்குப் போட்டியிடுகின்றனர். மாவட்டங்களுக்கிடையே சமன் செய்ய வந்த ஏற்பாட்டுக்கு மாவட்டத்துக்குள் இருக்கும் இடைவெளி கண்ணில் படுவதில்லை.

ஏழைப் பிள்ளையைத் தூக்கிவிட வந்த புலமைப்பரிசில் பரீட்சையும் ரியூசன் சந்தைக்குள் விழுந்தது. பத்து வயதுப் பிள்ளைகள் விடியற்காலையிலும் மாலையிலும் வகுப்புக்குப் போயினர். வீட்டு வருமான செலவு ஆய்வுகளின்படி, நாட்டில் ரியூசனுக்குச் செலவிட்ட வீடுகள் 1995/96 இல் ஏறக்குறைய 23 வீதம். 2006/07 இல் 64 வீதம். 1970களின் இறுதியிலிருந்து கம்பனிச் சட்டத்தின் கீழ் பதிவான சர்வதேசப் பாடசாலைகளும் பெருகின. சட்டத்தின் கண்ணில் அவை பாடசாலைகள் அல்ல, கம்பனிகள்.

போரும் பாலங்களும்

உள்நாட்டுப் போர் படிப்பின் தூரத்தைக் கூட்டியது. 1990 இலும் 2006 இலும் முழு ஊர்களே இடம்பெயர்ந்தன. 2006 ஓகஸ்டில் மூதூர் மக்கள் கந்தளாய்ப் பக்கம் ஓடினர். சம்பூர் மக்கள் அந்த ஆண்டு இழந்த காணிகள் திரும்பக் கிடைக்க ஏறக்குறைய பத்து ஆண்டுகள் சென்றன. முகாம்களிலேயே முதலாம் வகுப்புத் தொடங்கிய பிள்ளைகள் அதற்குள் சாதாரண தரத்தை நெருங்கிவிட்டனர். இவற்றுக்கிடையே, 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை கரையோரப் பாடசாலைகளையும் அடித்துச் சென்றது.

போர் முடிந்த ஆண்டிலேயே ஒரு பெரிய மாற்றம் வந்தது. 2009 ஒக்டோபரில், சவூதி நிதியுதவியுடன் கட்டப்பட்ட கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. ஏறக்குறைய 400 மீற்றர் நீளமான அது அப்போது நாட்டின் மிக நீளமான பாலமாகக் கருதப்பட்டது. அதற்கு முன் பேருந்துகளும் லொறிகளும் 'பாதை' எனப்படும் மிதவைப் படகுக்காகக் கரையில் வரிசையில் நின்றன. பிள்ளைகளும் ஆசிரியர்களும் அதில்தான் கடந்தனர். அடுத்த சில ஆண்டுகளில் மூதூர் வழியான வீதியின் மற்றக் கடவைகளுக்கும் பாலங்கள் வந்தன. நகரத்திலிருந்து தெற்கே போகும் ஆசிரியர் ஒரே நாளில் போய்த் திரும்பக்கூடியவரானார். இந்த மாவட்டத்தின் கல்விக்கு அந்தப் பாலங்கள் செய்த உதவி பல திட்டங்கள் செய்ததை விடப் பெரிது. பாலத்தைக் கடக்க எந்தப் பிள்ளையும் கட்டணம் கட்டவில்லை.

அதே ஆண்டுகளில் கணினியும் வந்தது. 2013 இல் உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு தொடங்கப்பட்டது. நாடெங்கும் ஆயிரம் இடைநிலைப் பாடசாலைகளுக்கு மகிந்தோதய என்ற பெயரில் ஆய்வுகூடங்கள் திட்டமிடப்பட்டன. கட்டடமும் கணினியும் ஒருமுறைச் செலவு. ஆசிரியரும் திருத்த வேலையும் மின்சாரமும் ஆண்டுதோறும் வரும் செலவு. இரண்டாவதைத் தாங்க முடியாத பாடசாலையில் ஆய்வுகூடம் பூட்டிக் கிடப்பது வழமை.

திரையில் வகுப்பு

2020 மார்ச்சில் கொவிட் காரணமாக நாட்டின் பாடசாலைகள் மூடப்பட்டன. அந்த ஆண்டிலும் அடுத்த ஆண்டிலும் பல மாதங்கள் அவை திறக்கவில்லை. கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ இணையத்தளமும் தொலைக்காட்சிப் பாடங்களும் பொதுவில் கிடைத்தன. ஆனால் நாளாந்தப் படிப்பு வாட்ஸ்அப்புக்கும் சூமுக்கும் போனது. 2019 இல் லேர்ன் ஏசியா என்ற ஆய்வு நிறுவனம் நடத்திய ஆய்வின்படி, பள்ளி வயதுப் பிள்ளைகள் உள்ள இலங்கை வீடுகளில் 48 வீதத்தில்தான் திறன்பேசியோ கணினியோ இருந்தது. ஏதாவது ஓர் இணைய இணைப்பு இருந்தவை 34 வீதம்.

ரியூசன் சந்தை அரசை விட வேகமாகத் திரைக்கு மாறியது. கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் இருந்த பெயர்பெற்ற உயர்தர ஆசிரியர்கள் வீட்டு மேசையிலிருந்தே நூற்றுக்கணக்கானோருக்குப் பாடம் எடுத்தனர். வங்கியில் காசு போட்டு, சிட்டையைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் வகுப்புக்கான இணைப்பு வரும். இணைப்பு வந்த பிள்ளைக்கு இது பெரிய வாய்ப்பு. குச்சவெளியில் இருந்துகொண்டே தலைநகர ஆசிரியரின் பௌதிகவியலைக் கேட்கலாம். கடவையும் இல்லை, தங்குமிடச் செலவும் இல்லை. தூரத்தை இந்தக் கருவி உண்மையிலேயே குறைத்தது. கட்டணத்தை அது குறைக்கவில்லை. டேட்டாச் செலவையும் கருவியின் விலையையும் அதன் மேல் ஏற்றியது.

மீன்பிடிக் குடும்பத்தின் ஒரே தொலைபேசி தகப்பனோடு கடலுக்குப் போகும். திரும்பி வந்ததும் மூன்று பிள்ளைகளுக்கும் அது வேண்டும். உயர்தரம் படிக்கும் மூத்தவருக்கு முதலிடம் என்றால் தரம் 3 இல் இருப்பவர் எழுத்தையே மறந்துவிடுவார். சிக்னல் இல்லாத இடங்களில் பிள்ளைகள் மரத்தடியையும் மேட்டையும் தேடிப் போயினர். செயலட்டைகளை அச்சிட்டு வீடு வீடாகக் கொண்டுபோன ஆசிரியர்களும் இருந்தனர். அவர்களின் மோட்டார் சைக்கிள் எண்ணெய்ச் செலவு எந்தக் கணக்கிலும் ஏறவில்லை.

பாடசாலைகள் மீண்டும் திறந்திருந்த 2021 நவம்பர் 23 அன்று, கிண்ணியாவில் குறிஞ்சாக்கேணியில் ஒரு பாதை கவிழ்ந்தது. பழைய பாலத்துக்குப் பதில் புதிய பாலம் கட்டும் வேலை முடியாதிருந்ததால் மக்கள் அந்தத் தற்காலிகப் பாதையில் கடந்துகொண்டிருந்தனர். பாடசாலைக்குப் புறப்பட்ட பிள்ளைகள் உட்பட ஆறு பேர் அன்றே உயிரிழந்தனர். திரையில் வகுப்பு நடந்த அதே ஆண்டில், அதே மாவட்டத்தில், பள்ளிக்குப் போகும் வழியே பிள்ளைகளின் உயிரை எடுத்தது. ஒரு சிறு பாலம் நேரத்துக்கு முடிந்திருந்தால் அந்தப் பிள்ளைகள் வகுப்பில் இருந்திருப்பார்கள்.

2022 இன் பொருளாதார நெருக்கடி அடுத்த அடி. தாள் தட்டுப்பாட்டால் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகள் தள்ளிப்போயின. பல மணி நேர மின்வெட்டு. எரிபொருள் இல்லாததால் பாடசாலைகள் மறுபடியும் மூடப்பட்டன. திரையை நம்பிய கல்வி மின்சாரத்தோடு நின்றது.

பிற நாடுகளின் பாடம்

கட்டணமும் கருவியும் சேர்ந்த கல்வியை மற்ற நாடுகள் பகல் பள்ளியாகவும் இணையத்திலும் சோதித்துப் பார்த்தன. கென்யாவில் 2009 இல் நைரோபியின் சேரிப் பகுதியில் முதல் பள்ளியைத் திறந்த பிரிட்ஜ் இன்டர்நஷனல் அகாடமிஸ், குறைந்த கட்டணத்தில் நல்ல கல்வி தருவதாகச் சொன்னது. பாடம் சொல் சொல்லாக எழுதப்பட்டு ஆசிரியரின் கையில் உள்ள சிறு கணினிக்கு வந்தது; அவர் அதை வாசித்தார். உலக வங்கிக் குழுமத்தின் சர்வதேச நிதிக் கூட்டுத்தாபனம் அதில் முதலிட்டது. உகண்டாவில் 2016 இல் உயர் நீதிமன்றம் அந்நிறுவனத்தின் பள்ளிகளை மூடும்படி உத்தரவிட்டது. 2022 இல் அந்தக் கூட்டுத்தாபனம் முதலீட்டை விலக்கிக்கொண்டது. இந்தியாவில் 2011 இல் தொடங்கி, ஒரு கட்டத்தில் 2,200 கோடி டொலர் மதிப்பிடப்பட்ட இணையவழிக் கல்வி நிறுவனமான பைஜூஸ் 2024 இல் திவால் நடவடிக்கைக்குள் போனது. குறைந்த கட்டணம் என்பது நாட்கூலி வீட்டுக்குக் குறைந்ததாக இருப்பதில்லை. நிறுவனம் விழும்போது பிள்ளையின் படிப்பாண்டு திரும்ப வருவதுமில்லை.

சர்வதேசப் பாடசாலைகள் ஒருபுறமிருக்க, இலங்கையில் 1961 ஆம் ஆண்டுத் தடை இப்படிப்பட்ட பள்ளித் தொடர்கள் பரவாமல் காத்தது. ஆனால் ரியூசன் என்ற மறு வாசல் திறந்தே இருந்தது. அந்த வாசல் திரைக்கு மாறியபோது, பகல் பாடசாலையில் எல்லோரும் சமமாக உட்கார்ந்த வாங்கு மாலையில் காசின்படி பிரிந்தது.

இன்று மாவட்டத்தின் பாடசாலைகள் திருகோணமலை, கிண்ணியா, மூதூர், கந்தளாய், திருகோணமலை வடக்கு ஆகிய ஐந்து கல்வி வலயங்களில் இயங்குகின்றன. மாணவர்களுக்குப் பாடநூலும் சீருடையும் அரசே தருகிறது. இலவசக் கல்வி தொடங்கியபோது மனதில் இருந்த கருவிகள் புத்தகம், ஆய்வுகூடம், விடுதி. அவற்றின் செலவைப் பொதுப் பணம் ஏற்றபடியால் மூதூர் மீனவரின் பிள்ளையும் மருத்துவராக முடிந்தது. திறன்பேசியும் டேட்டாவும் மின்சாரமும் அந்தப் பட்டியலில் இன்னும் சேர்க்கப்படவில்லை. அவை சேர்க்கப்படும் வரை, 1945 இல் ஆங்கிலப் பாடசாலை வாசலில் நீக்கப்பட்ட கட்டணம் தொலைபேசித் திரையில் தொடர்ந்து வாங்கப்படும்.